ஐந்தில் முடிந்த வரிகள்

நேற்று குளியலறைக்கு ஓடு வாங்கப் போன கடையில், எத்தனை பெட்டி என்று கைப்பேசியில் கணக்குப் போட்டேன். ஆறு கூட்டல் நான்கு பெருக்கல் ஐந்து. சமக்குறியை நான் தொடுவதற்குள், கீழே சாம்பல் நிறத்தில் இருபத்தாறு வந்து நின்றுவிட்டது. அதற்கு என்ன அவசரமோ. பெருக்கலை முதலில் செய், அப்புறம் கூட்டு என்று இதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆரணியில் ஒரு எந்திரத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்த இரண்டு பேரில் நான் ஒருவன். இன்னொருவரை நான் பார்த்ததே இல்லை.

எண்பதுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பெயர்தான் சென்டர், இருந்தது ஒரே கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி அறைக்குள் போவதுபோல் போவோம். ஆனாலும் பக்கத்து ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் அந்த வாசனை எங்காவது வந்தால், எனக்குப் பசி எடுப்பதில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள்தான் மினுங்குகின்றன.

மதியத்திலிருந்து நான் வாத்தியார். காலையில் ஒரு டீச்சர். படவேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார். அதை விட்டால் சாயங்காலம்தான். முள்ளிப்பட்டிலிருந்து நான் சைக்கிள் மிதித்து வந்து சேர மணி ஒன்றாகிவிடும். சில நாள் மேசைமேல் உதிர்ந்த கனகாம்பரம் ஒன்று கிடக்கும். பெயரைக் கேட்கக் கூச்சம். எல்லாருக்கும் அவர் டீச்சர், எனக்கும் டீச்சர்.

அப்போது பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கை அப்படியே ஒரு வரியாக அடித்தால், எழுத்தெழுத்தாகப் படித்து விடை சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாரும் தறியில். இதையெல்லாம் யாரிடம் பேச? சாப்பிடும்போது முணுமுணுப்பேன். "இன்னாடா, தட்டுகிட்ட பேசிகினு கீற?" என்பாள் அம்மா.

பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. நடுவில் எதையாவது சேர்க்க வேண்டிவந்தால் இடம் இருக்கட்டும் என்று பத்து, இருபது, முப்பதென்று போடுவோம். ஒருநாள் என் பத்துகளுக்கு நடுவே 145 என்றொரு வரி. ரெம் என்று தொடங்கியது. அப்படித் தொடங்கும் வரியை எந்திரம் கண்டுகொள்ளாது, அது மனிதர்களுக்கு. ஆங்கில எழுத்தில் தமிழ்: "கழித்தல்ல தப்பு வருது சார். 150 பாருங்க."

பார்த்தேன். தப்புதான்.

அதன்பின் பத்துகள் என்னுடையவை, ஐந்தில் முடிபவை டீச்சருடையவை, குறிப்பும் புரோகிராமும் சேர்த்து. "அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி போட்டா உங்க புரோகிராம் மயக்கம் போடுது சார்." "வேணும்னே போடறீங்க டீச்சர்." "இன்னிக்கு பஸ்ல எடமே இல்ல. 315 நின்னுகினே யோசிச்சது." பதிலை எழுதி முடித்ததும் எனக்கு அன்றைய நாள் முடிந்துவிடும். மறுநாள் ஒரு மணிக்குத்தான் அடுத்தது விடியும். அந்த ஊரில் எனக்கென்று இருந்த பேச்சு அவ்வளவுதான்.

சென்டர் முதலாளியை அண்ணன் என்போம். பெற்றோர்களைக் கூட்டி இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டலாம் என்றார். டீச்சருக்கு ஞாயிறு லீவு. காட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வரி எண்கள் கோணல்மாணலாக இருக்கின்றனவே என்று ரீநம் அடித்தேன். எல்லா வரிக்கும் புதிதாக எண் போடும் கட்டளை அது. ஒரு நொடியில் எல்லாம் பத்துப்பத்தாக நின்றன. அழகாகத்தான் இருந்தது. பழையதன்மேலேயே சேமித்தேன்.

வந்தவர்களில் ஒருவர் கணக்கு வாத்தியார். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக, ஒரு முழம் நீளத்துக்குக் கணக்கு சொன்னார். அடித்தேன். விடை வந்தது. தாளில் போட்டுப் பார்த்தார்.

"பரவால்லியே. எங்க பசங்கள விட ஜல்தியா போடுது. பக்கத்துப் பேப்பர எட்டிப் பாக்கவும் இல்ல."

"எல்லாம் நம்ம தம்பி ஒண்டியா உக்காந்துகினு செஞ்சதுங்க" என்றார் அண்ணன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாதிதான் நான் என்று சொல்ல மூன்று வினாடி போதும். நான் கோலி சோடாவை வாயில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, கடைசியில் ஒரு ரெம். "நீங்க ஒண்டியா செஞ்சதுன்னு அண்ணன் சொன்னாரு. எல்லா லைனையும் லிஸ்ட் போட்டுப் பாத்தேன். என் லைன் எதுன்னு எனக்கே தெரியல." அந்த வரிக்கு அவர் போட்டிருந்த எண்ணும் பத்தில்தான் முடிந்தது.

பதில் எழுத உட்கார்ந்தேன். அழித்தேன். நாளைக்கு என்றேன். மூன்று நாளும் நாளைக்கு என்றேன். வியாழக்கிழமைதான் எழுதினேன்: "அடைப்புக்குறி வேலை செய்யறதே உங்களாலதான் டீச்சர். அன்னிக்கு அதச் சொல்லாதது என் தப்பு."

வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு வரியும் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. அண்ணனிடம் கேட்டேன்.

"டீச்சரா? கல்யாணம்பா அதுக்கு. நேத்து காலைல வந்து சாவியக் குடுத்துட்டுப் போயிடுச்சே."

"கம்ப்யூட்டர் போட்டாங்களாண்ணா?"

"அத யார் பாத்துகினு இருந்தது? இன்னாப்பா, உன்னோட ஒரே பேஜாரா கீது."

எந்திரத்தையும் கேட்க முடியாது. அணைத்தால் தேதியை மறந்துவிடும் ஜாதி அது. ஒவ்வொரு காலையும் அதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று. யார் வந்தார்கள், யார் படித்தார்கள் என்று அதற்கு என்ன தெரியும்.

அடுத்து வந்த மாஸ்டர் ஃப்ளாப்பிகளில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதுப் பாடம் ஏற்றினார். மாடியில் இப்போது கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். ரைஸ் மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். என் வியாழக்கிழமை வரியைப் படித்திருந்தால் பதிலுக்கு ஒரு வரியாவது சேர்த்திருப்பார் என்று சில நாள் தோன்றும். படித்துவிட்டு, ஒன்றும் சேர்க்காமல் எழுந்துபோய்ப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்திருப்பார் என்று சில நாள் தோன்றும்.