நிமிர மறுத்த அலமாரி

எங்கள் அண்ணிக்கு மூலைமட்டம் என்று பட்டப்பெயர் வைத்தது அண்ணன்தான். கல்யாணமான புதிதில், அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவிட்டு, மேசையின் மூலை கோணல் என்று அதைக் கழற்ற ஆரம்பித்தாராம் அண்ணி.

அண்ணிக்குத் தச்சு வேலை; மூலைமட்டம் என்பது மூலை செங்கோணமா என்று பார்க்கும் தச்சுக் கருவி. ஒரு கதவுப் பட்டறையில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு, அப்போதுதான் சொந்தமாக ஆரம்பித்திருந்தார். எந்த மூலையையும் கண்ணை நம்பி விடமாட்டார். ஒரு பக்கம் மூன்றடியில் ஒரு குறி, மறுபக்கம் நான்கடியில் ஒரு குறி. குறுக்கே டேப்பை இழுத்தால் ஐந்தடி வரவேண்டும். வந்தால் செங்கோணம், வராவிட்டால் பலகைக்கு வசவு.

சொந்தமாக எடுத்த முதல் வேலை, தையற்கடை அக்கா வீட்டு அலமாரி. அது பிடித்துப்போனால் சமையலறை வேலை முழுக்க அண்ணிக்கே என்று அக்கா சொல்லியிருந்தார். அண்ணி அந்தச் சமையலறையை மனதுக்குள் ஏற்கெனவே கட்டி முடித்து, வண்ணமும் பூசிவிட்டார்.

படுக்கையறையின் சீலிங் எட்டடி, அதாவது தொண்ணூற்றாறு அங்குலம். "ரெண்டு அங்குலம் விட்டுடறேன்க்கா" என்று தொண்ணூற்று நான்கு அங்குல உயரத்துக்கு, இரண்டடி ஆழத்துக்கு அலமாரி செய்தார். அறைக்குள்ளேயே தரையில் மல்லாத்திப் போட்டு, பசை தடவி, ஆணியடித்து, மூலைக்கு மூலை சரிபார்த்தார். துளிப் பிசகு இல்லை.

தூக்கி நிறுத்த அண்ணனும் நானும் போனோம். எதைத் தூக்கினாலும் அது விழுந்துவிடும் என்று எனக்குப் பயம். அன்று அது விழவில்லை. நிமிரவும் இல்லை. முக்கால்வாசி எழுந்து, முன்பக்க மேல்விளிம்பு சீலிங்கில் முட்டி நின்றுவிட்டது.

"தள்ளுங்க தம்பி!"

"தள்ளுனா பெயின்ட்தான் கொட்டுது அண்ணி!"

வாசலிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு அங்குலம் மிச்சம் இருக்குன்னியே?"

"நின்னா இருக்குக்கா. நிக்கத்தான் மாட்டேங்குது."

"மூலையெல்லாம் கச்சிதமா இருக்கு" என்றான் அண்ணன், மூச்சு வாங்க. "அதுல ஒண்ணுதான் மேல குத்துது."

இறக்கி வைத்தோம். அண்ணி பக்கவாட்டுப் பலகையில் மூலைக்கு மூலை டேப்பை இழுத்தார். தொண்ணூற்றேழு. செங்கோணத்துக்கு எதிரே ஓடும் அந்தச் சாய்வுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கர்ணம் என்பார்கள்; மற்ற இரண்டு பக்கங்களையும்விட அது எப்போதும் நீளம். அன்றாடம் அதை அளக்கிறவர், படுத்த அலமாரி எழும்போது அந்தக் கோடும் செங்குத்தாக நின்று கடக்க வேண்டும் என்பதை மறந்துபோயிருந்தார்.

சமையலறை கைநழுவிப் போவது அவர் முகத்திலேயே தெரிந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். பிறகு, "ஏங்க, ரம்பத்தை எடுங்க" என்றார்.

"அவசரப்படாதீங்க அண்ணி" என்றேன். யார் கேட்டார்கள்? அடியில் நான்கு அங்குலத்துக்கு இருந்த பீடத்தை முழுசாக அறுத்து எடுத்தார். புத்தம்புது அலமாரி அறுபடும் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். குட்டையான அலமாரி சமர்த்தாக எழுந்து நின்றது. நாங்கள் நெம்பித் தூக்க, பீடத்தை அடியில் செருகினார். சொன்னபடியே மேலே இரண்டு அங்குலம் இடைவெளி.

அக்கா ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். எதுவும் உரசவில்லை.

"கிச்சனையும் நீயே பண்ணு" என்றார். "ஆனா நிக்கவெச்சே பண்ணும்மா."

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படியிறங்கும்போது அண்ணன் கேட்டான்: "இனிமே மூலைமட்டம்னே கூப்பிடட்டுமா, இல்ல கர்ணம்னு மாத்திடட்டுமா?"

"அப்புறம் மாத்தலாம். திரும்பிப் போய் முதல்ல சீலிங்குக்குப் பெயின்ட் அடிச்சிட்டு வாங்க."