மதில் மேல் நான், கீழே மாமி

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதம், குரோஷியா நாட்டில் டுப்ரோவ்னிக் என்ற பழைய துறைமுக நகரத்தில் நடந்தது இது. மெல்பர்ன் பொயிண்ட் குக்கிலிருந்து நான், என் கணவர், மாமியார் மூவரும் மத்தியதரைக் கடலில் பத்து நாள் கப்பல் பயணம் போயிருந்தோம். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் திருச்சி. மெல்பர்னில் படிக்க வந்த இடத்தில் அவரைப் பார்த்து, பிடித்துப்போய், கல்யாணம் செய்துகொண்டவள். மாமியாரை அவர்கள் வழக்கப்படி மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

அன்று காலை கணவருக்கு வயிறு சரியில்லை. கேபினை விட்டு நகர முடியாது என்று படுத்துவிட்டார். "அம்மா கவனம், என்ன?" என்று மட்டும் சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பினார். துறைமுகத்திலிருந்து கோட்டை வாசல் வரை கப்பல்காரர்களே பஸ் விட்டிருந்தார்கள். திரும்புவதற்கான கடைசி பஸ் நான்கு மணிக்கு. யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது என்று மைக்கில் மூன்று தடவை சொல்லிவிட்டார்கள்.

அந்த ஊரைச் சுற்றி, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு மதில். அதன் மேலேயே ஏறி ஊரை முழுதாகச் சுற்றி வரலாம். எனக்கு அதில்தான் ஆசை. மாமிக்கோ முழங்கால் வலி. "நீ ஏறிப் பாத்திட்டு வா பிள்ளை, நான் இதில இருக்கிறன்" என்று, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய வட்டமான நீரூற்றின் படியில் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஐந்து நாட்களாக மாமியின் நடைக்கு நடந்து, மாமிக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு தேடி அலுத்துப்போயிருந்தேன். ஒரு மணி நேரமாவது என் பாட்டுக்கு நடக்கலாமே!

மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சிவப்பு ஓட்டு வீடுகள். பாதி வழியில் மாமி போன் செய்தார். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. ஒழுங்காக நிற்கிறேன், ஆறுதலாக வா என்றார். ஆறுதலாக என்றால் அவசரப்படாமல் என்று அர்த்தம், அது எனக்கு எப்போதோ தெரியும். "சரி மாமி" என்று வைத்துவிட்டேன். டீச்சருக்குச் சொல்கிற பிள்ளை மாதிரி ஒழுங்காக நிற்கிறாராம் என்று சிரிப்புகூட வந்தது. அதற்குப் பிறகு இன்னும் நிதானமாக நடந்தேன். ஜூஸ் வாங்கிக் குடித்தேன். கணக்கில்லாமல் செல்ஃபி எடுத்தேன்.

இறங்கி வந்தபோது மணி மூன்று. நீரூற்றுப் படியில் நல்ல வெயில். மாமி இல்லை.

பாத்ரூம் போயிருப்பார் என்று ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு போன் செய்தேன். அணைந்திருந்தது. பாத்ரூமில் தேடினேன், பக்கத்துத் தேவாலயத்துக்குள் தேடினேன், கோட்டை வாசலுக்கு ஓடினேன், திரும்பி ஓடி வந்தேன். அந்தத் தெருவின் கல், காலம் காலமாகக் கால் பட்டுத் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கும். எனக்கே இரண்டு தடவை சறுக்கியது. மாமி எங்காவது விழுந்து கிடந்தால்? "தேங்க் யூ"வைத் தவிர ஓர் இங்கிலீஷ் வார்த்தைகூட வராதவர், யாரிடம் என்ன கேட்பார்?

ஒரு போலீஸ்காரரைப் பிடித்து, நீலச் சேலை, வெள்ளை ஷூ, வயது எழுபது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கடைசியாக என்ன சொன்னார் என்று அவர் கேட்டார். ஒழுங்காக நிற்பதாகச் சொன்னார் என்று அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசப் போனார்.

மூன்று இருபதுக்கு வேறு வழியில்லாமல் கணவரைக் கூப்பிட்டேன். நான் அழ ஆரம்பித்ததும் அவர் குரலே மாறிவிட்டது. அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"ஒழுங்கா நிக்கிறேன்னு சொன்னாங்க."

"வடிவா யோசிச்சுச் சொல்லும். ஒழுங்காவோ, ஒழுங்கையிலயோ?"

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"ஐயோ, ஒழுங்கை எண்டா சந்து! வெயிலுக்கு ஒதுங்கி எங்கயோ ஒரு சந்துக்குள்ள நிக்கிறா!"

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பொயிண்ட் குக்கில் ஏது சந்து? கேட்டிருந்தாலும் என்ன செய்திருப்பேன்? மாமி பேசுவதில் பாதி புரியாமலே "சரி மாமி, சரி மாமி" என்று ஓட்டிக்கொண்டிருந்தவள்தானே நான். மரியாதை என்று நினைத்துச் செய்ததுதான். அந்த நிமிடம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அந்த ஊரில் எண்ண முடியாத அளவுக்குச் சந்துகள், எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொரு சந்தின் முனையிலும் நின்று "மாமி! மாமி!" என்று கத்தினேன். சுற்றுலாக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். ஒன்பதோ பத்தோ, எண்ணிக்கை விட்டுப்போன ஒரு சந்தின் முனையில் நீலச் சேலை தெரிந்தது.

மாமி நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில், ஒரு கையில் பையும் சார்ஜ் தீர்ந்துபோன போனும். கால் இரண்டும் நடுங்கின. பின்னால் உட்காரப் படி இருந்தது. ஏன் மாமி உட்காரவில்லை என்று கேட்டேன்.

"இருந்தா றோட்டால போற உனக்குத் தெரியாதெல்லே பிள்ளை. அதுதான் நிண்டனான்" என்றார். பிறகு கேட்டார், "வடிவாப் பாத்தியோ?"

எவ்வளவு நேரம் நிற்கவைத்தாய் என்று கேட்கவில்லை. ஊரை நன்றாகப் பார்த்தாயா என்றுதான் கேட்டார். நான் தெருவிலேயே அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். யாரோ என்னைத் திட்டிவிட்டார்கள் என்று நினைத்து, யாரென்று விசாரித்தார் மாமி.

போலீஸ்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு, மாமியைத் தாங்கிப் பிடித்தபடி வாசலுக்கு வந்தபோது பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. சேலையைப் பார்த்த டிரைவர் மூடிய கதவைத் திரும்பத் திறந்தார்.

இப்போதெல்லாம் ஒரு வார்த்தை புரியாவிட்டால் உடனே கேட்டுவிடுகிறேன். "உனக்கு ஒண்டும் விளங்காது" என்று மாமி சில நேரம் சலித்துக்கொள்வார், பரவாயில்லை. புரியாமலே "சரி" என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம், நான் மேலே வேடிக்கை பார்த்த நேரம் முழுதும், என் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே ஒருவர் கீழே வலிக்கிற காலோடு உட்காராமல் நின்றார் என்பது நினைவுக்கு வந்து, அந்தச் "சரி" தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.