வலப்பக்கம் கொஞ்சம் லேசாக

அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி அந்தக் கார் தொழிற்சாலையில் வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் கைராசிக்காரர்தான். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்த வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். புது வண்டியில் ஏறி உட்கார வேண்டியது, ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டியது, "கனம்", "லேசு", "போதும்" என்று சொல்ல வேண்டியது. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று அவருடைய மைத்துனன் ஒரு விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவில் கேட்டான். கேட்ட மகராசன் ஓட்டிக்கொண்டு வந்த வண்டியே இவர் கை பட்டு வெளியே போனதுதான். சொன்னால் மட்டும் விளங்கிவிடப் போகிறதா என்று கைராசிக்காரர் பேசாமல் இருந்துவிட்டார்.

நமக்காவது விளங்கட்டும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய கம்பி முறுக்கேறுகிறது. எவ்வளவு முறுக்கு என்பதை ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கேற்ற கரண்டை ஒரு மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் உங்கள் கையோடு சேர்ந்து தள்ளுகிறது. தள்ளல் கூடிப்போனால் வண்டி கைக்கு அடங்காது, குறைந்துபோனால் தோள் கழன்றுவிடும். எவ்வளவு முறுக்குக்கு எவ்வளவு கரண்ட் என்று அதற்கு ஓர் அட்டவணை உண்டு. உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல உரசுவதில்லை என்பதால் இடப்பக்கத்துக்கு ஓர் அட்டவணை, வலப்பக்கத்துக்கு ஓர் அட்டவணை. எண்களை எழுதுவது கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள். ஓட்டிப் பார்த்துத் திருத்தச் சொல்வது கைராசிக்காரர். அவர் 'போதும்' என்ற பிறகு இன்னொருவர் ஏறி ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அங்கே கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை, அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது வந்துவிட்டது. ஒன்றல்ல, பன்னிரண்டு. புது மாடலின் வெள்ளோட்ட வண்டிகளை வாங்கிப்போன கம்பெனியின் ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே புகாரை எழுதியிருந்தார்கள். வண்டி வலப்பக்கம் தானாக ஓடுகிறது, இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது என்று. ஒருவர் நடைபாதை ஓரத்தில் ஏற்றியே விட்டார். ஆளுக்கு அடியில்லை, சக்கரத்துக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

காரணம் என்றால் ஓர் ஆள் வேண்டும், உலக வழக்கம் அதுதானே. அந்த மாடலின் அட்டவணையைக் கணினியில் ஏற்றியவள் புள்ளி. வாயைத் திறந்தாலே பாயிண்ட் மூணு, பாயிண்ட் நாலு என்று பேசுகிறவள், அதனால் அந்தப் பெயர். முதல் வேலை. பயிற்சிக் காலம் முடிய ஒரு வாரம் பாக்கி. கூட்டல் கழித்தல் குறியை எங்கோ மாற்றிப் போட்டிருப்பாள் என்று திங்கட்கிழமை காலையிலேயே தேநீர் இடைவேளையில் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். அனுபவசாலி மேல் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கைராசிக்காரரும் அப்படித்தான் நினைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் புள்ளி ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் ஓர் இயந்திரம் அங்கே ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து, வண்டியில் பூட்டி, ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திருப்பச் சொன்னேன். வலது பக்கம் மோட்டார் ரொம்ப அதிகமாத் தள்ளுது. பாயிண்ட் ரெண்டு, பாயிண்ட் மூணு இல்ல, கால்வாசி கூடுதல்."

"மெஷினுக்கு என்னம்மா தெரியும்? அதுக்குக் கையா இருக்கு?"

"நான்தான் எங்கேயாவது தப்பு பண்ணிட்டேனோன்னு தேடிக்கிட்டே இருக்கேன். கிடைக்க மாட்டேங்குது. நீங்க சொன்ன நம்பர்தான் அப்படியே இருக்கு."

"நல்லா தேடு," என்றார் கைராசிக்காரர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அன்றைக்கு அவர் பேசியது அப்படித்தான் இருந்தது. அவளும் மறுபேச்சு பேசாமல் தேடப் போய்விட்டாள்.

அவர் குடியிருந்தது இரண்டாம் மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. அந்த இன்னோர் ஆள் மூன்று வருடமாக இல்லை. மகளின் பிரசவத்துக்கு என்று மூன்று மாதத்துக்குப் போன மனைவி, மகள் வேலைக்குத் திரும்பியதும் பேத்தியைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் போன் செய்வாள். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், உடம்பு நல்லா இருக்கா, நல்லா இருக்கு. பேத்தி ஒரு தடவை தாத்தா என்பாள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் பேச்சு என்பதே கிடையாது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது சமையலறை பல்பு எரியவில்லை. புது பல்பை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினார். முக்காலி ஆடியது. வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பல்பைத் தொடப் போனார். கை மேலே போகவில்லை. தோள் உயரத்துக்கு வந்து, கதவு தாழ்ப்பாளில் இடித்த மாதிரி நின்றுவிட்டது. வலி அவருக்குப் புதிதல்ல. ஒருக்களித்துப் படுத்ததால் வருகிற வலி என்று எட்டு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டு வருகிறார். ஆனால் கை தூக்கவே வராது என்பது தெரியாது. முக்காலியில் நின்றபடியே எதிரே மேல்தட்டைப் பார்த்தார். தட்டு காலியாக இருந்தது.

சர்க்கரை டப்பா கீழே மேடையில் இருந்தது. உப்பு ஜாடியும் தேயிலை டப்பாவும் பக்கத்தில். பெரிய பாத்திரங்கள் தரையில். எப்போது இறக்கி வைத்தார் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. இறங்கி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். துணிகள் கொடியில் இல்லை, நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்தன. வீடே அவருடைய இடுப்பு உயரத்துக்கு இறங்கி வந்திருந்தது. இன்னோர் ஆள் அந்த வீட்டில் இருந்திருந்தால், சர்க்கரை டப்பா கீழே வந்த அன்றைக்கே 'என்ன இது கூத்து' என்று கேட்டிருப்பாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். கைராசிக்காரருக்குக் கண்ணாடியாக இருக்க அங்கே ஓர் ஆள் இல்லை.

தொழில் தெரிந்த மனிதர், அளந்து பார்க்காமல் விடுவாரா? சுவரோடு ஒட்டி நின்று வலது கையைத் தூக்கிப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். இடது கையைத் தூக்கி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. சாப்பிடுகிற தட்டை எடுத்து ஸ்டியரிங்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். இடப்பக்கம் திருப்பினார், சுகமாகப் போனது. வலப்பக்கம் திருப்பும்போதுதான் இடது கை மேலே ஏற வேண்டும். ஏறும்போது கனத்தது. தட்டில் என்ன கனம்? எட்டு மாதமாக புள்ளியிடம் அவர் சொன்ன வார்த்தை அப்போது நினைவுக்கு வந்தது. 'வலப்பக்கம் கொஞ்சம் லேசாக்கும்மா.' இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தன் தோள் வலியை எண்ணாக மாற்றி அட்டவணைக்குள் போட்டிருக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இதைச் சொன்னால் அந்த இருக்கை போய்விடும். அந்த இருக்கையை விட்டால், அவர் வந்தாரா போனாரா என்று கவனிக்க இந்த ஊரில் ஒரு ஜீவன் கிடையாது. சொல்லாவிட்டால் புள்ளி வீட்டுக்குப் போவாள். வியாழக்கிழமை முழுக்க அவர் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேலாளர் கடிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். பயிற்சியில் இருந்த ஊழியர் செய்த பிழை, நீக்கப்பட்டுவிட்டார், இனி நடக்காது. புள்ளி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இடித்தபுளி மாதிரி இருந்த கைராசிக்காரர் சட்டென்று எழுந்து நின்றார்.

"நம்பர் ஏத்தினதுல தப்பில்ல. என் தோள்ல."

யாரோ சிரித்தார்கள். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். வலது கை மேலே போனது. இடது கை பாதியில் நின்றது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். "அண்ணே, நல்லா யோசிங்க. ஒரு ஆளோட தோளை நம்பி மாடல் விட்டோம்னு அவங்களுக்கு எழுத முடியுமா? மானம் போயிடும். அந்தப் பொண்ணுக்கு வயசு இருக்கு, வேற வேலை கிடைக்கும். உங்களுக்கு?"

"எனக்குக் கிடைக்காது. தெரியும். உள்ளதை எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். கையெழுத்துப் போடுற கை நல்லாத்தான் இருக்கு."

எழுதினார்கள், அவரும் கையெழுத்துப் போட்டார். இனி ஒவ்வொரு வண்டியையும் மூன்று பேர் ஓட்டிப் பார்க்க வேண்டும், இயந்திரமும் பார்க்க வேண்டும், அதில் கைராசிக்காரர் சேர்த்தியில்லை என்று முடிவானது. அவருக்குப் பழைய கோப்புகள் இருக்கும் அறையில் ஒரு மேசை போட்டார்கள். போட்டதே பெரிது என்பதுபோல மேலாளர் ஒரு பார்வை பார்த்தார்.

புள்ளி அந்த மேசைக்கு வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

"நல்லா தேடுன்னு சொன்னீங்க அண்ணே. ரெண்டு ராத்திரி நான் தூங்கல."

அவருடைய வலது கை இடது தோளைத் தடவியது. அதைப் பார்த்துவிட்டு அவள், "முதல்ல டாக்டரைப் போய்ப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை போனார். டாக்டரம்மா தோளை அமுக்கி, கையைத் திருகி, மூட்டு இறுகிவிட்டது என்றார். சரியாக ஒரு வருடம்கூட ஆகலாம்.

"இவ்வளவு தூரம் விட்டிருக்கீங்களே, வீட்ல யாரும் பார்க்கலையா? சரி, விடுங்க. தினம் ரெண்டு வேளை யாராவது கையைப் பிடிச்சு மெதுவா மேலே தூக்கி விடணும். நீங்களா செஞ்சா வலிக்கிற இடத்துல நிறுத்திடுவீங்க. யார் செய்வாங்க?"

"இருக்காங்க," என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் நின்ற ஒருவர் வலியாக இருக்கும் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

அழுது முடித்து மனைவிக்குப் போன் செய்தார். எடுத்ததுமே அவள் குரல் பதறியது.

"என்னங்க, இன்னைக்கு சனிக்கிழமைதானே? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இடது கை தூக்க வரல."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம் இருக்கும்."

"எட்டு மாசமா? வாரா வாரம் நல்லா இருக்கேன்னுதானே சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னுதான் நெனச்சேன்."

அந்தப் பக்கம் பேத்தி எதற்கோ சிணுங்கினாள், யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் மனைவி பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"மூணு வருஷத்துல ஒரு தடவை வான்னு சொன்னீங்களா நீங்க? நான் இல்லாம உங்களுக்குச் சௌகரியமாத்தான் இருக்குபோலன்னு நெனச்சுக்கிட்டு நான் இங்க இருக்கேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவளே தொடர்ந்தாள்.

"பொண்ணுக்கு லீவு கிடைக்குமான்னு கேக்கணும். பாப்பாவுக்கு வேற ஆள் பார்க்கணும். அடுத்த மாசக் கடைசியில வரட்டுமா? இல்ல, அவசரமா?"

அவசரமெல்லாம் ஒன்றுமில்லை, நீ பார்த்து வா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"அவசரம்தான்," என்றார்.