களிம்பு டப்பாவில் ஒரு பெயர்

புதிதாகப் பச்சை குத்திய தோலுக்குக் களிம்பு விற்பவனுக்கு இரண்டு வாரப் பொறுமை வேண்டும்; நான் இரண்டு நாள்கூடப் பொறுத்துப் பழகாதவன். குத்திய இடம் அரிக்க அரிக்க, சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இதைப் படிக்கும் தோழர்களே, உங்கள் வேதனை எனக்குத் தெரியும். என் வேதனையையும் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மீதிப் படிப்பைத் துண்டறிக்கைகள்தான் கொடுத்தன. இரண்டாவது, உழவர்கரைப் பக்கம் துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, சாயத் தொட்டியில் கை விடுகிறவர்களுக்குக் கையுறை கேட்டேன். கேட்ட குற்றத்துக்குக் கழிவுநீர் வாய்க்கால் பக்கம் தள்ளினார்கள். மூன்றாவது, சங்கம் தொடங்கினேன், வேலையிலிருந்தே நீக்கினார்கள். நான்காவது, கேட்டுக்கு வெளியே நின்று பதினோரு வருடம் நான் எழுதிய துண்டறிக்கைகளின் அடியில், கட்சி தன் பெரியவர்களின் பெயர்களைப் போட்டுக்கொண்டது. ஐந்தாவது, கையுறை வருவதற்கு முன்பே தொழிற்சாலைக்குப் பூட்டு வந்தது.

ஆறாவதும் ஒன்று உண்டு. அது எனக்கு நடந்ததல்ல, நான் செய்தது. கூட்டங்களில் ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்.

இப்போது என் மகள் கயல்விழி பாண்டியில் மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் டாட்டூ கடை வைத்திருக்கிறாள். வாசலில் ஒரு மேசை போட்டு நான் களிம்பு விற்கிறேன். எங்கள் கைகளில் ஏறிய சாயத்தை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. இவர்கள் பணம் கொடுத்து ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் எரிச்சல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மஞ்சள் புறா

முதலில் கயல் வெளிநாட்டுக் களிம்புதான் வாங்கி வைத்திருந்தாள். விரல் நீளக் குழாய், விலை என் பழைய மாதச் சம்பளம். "இதைவிட நல்ல களிம்பை எங்கள் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி அடுப்பில் காய்ச்சுவாள்" என்று வாயை விட்டுவிட்டேன். அந்தப் பெண் ஆரோக்கியமேரி. சாயத் தொட்டியில் கை வெந்துபோன எல்லோருக்கும் அவள் களிம்புதான் மருந்து. அதில் தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, வெட்டுக்காயப் பூண்டு மூன்றும் உண்டென்று எனக்குத் தெரியும். மீதி தெரியாது. போய்க் கேட்டிருக்கலாம். அவள் வீடு முதலியார்பேட்டையில், சைக்கிளில் இருபது நிமிடம். ஆனால் நான் அவள் முகத்தில் விழிக்க முடியாதவன். தெரியாத பாகத்துக்குப் பதிலாக மஞ்சளை அள்ளிப் போட்டு நானே காய்ச்சினேன்.

சென்னையிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர்காரத் தம்பி மணிக்கட்டில் வெள்ளைப் புறா குத்திக்கொண்டு, என் களிம்பை வாங்கிப் போனான். அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தான். சண்டை போடுவான் என்று நானும் தயாராக எழுந்து நின்றேன். அவன் கையை மேசைமேல் மெதுவாக வைத்து, நோயாளியைக் காட்டுவது போலக் காட்டினான்: "அங்கிள், என் புறாவுக்கு மஞ்சக்காமால வந்துடுச்சு."

இருபது நிமிடச் சைக்கிள் பயணம்

மஞ்சள் கறை சில நாளில் போய்விட்டது. ஆனால் கயல் விடவில்லை. "தெரிஞ்சவங்ககிட்ட கேளுப்பா, இல்லன்னா மேசைய எடு" என்றாள். நான் போனேன். ஆறாவது அநியாயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தப் பயணம் ஏன் இருபத்திரண்டு வருடம் பிடித்தது என்று உங்களுக்குப் புரியாது.

தொழிலாளர்களின் கைகளைப் பரிசோதிக்க ஒரு டாக்டர் வருவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. புண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் கையுறையும் சிகிச்சையும் கிடைக்கும். எனவே சங்கத்தின் செயலாளராக நான் உத்தரவு போட்டேன்: பத்து நாளைக்கு யாரும் ஆரோக்கியமேரியின் களிம்பைப் பூசக் கூடாது. பரிசோதனை நாளில், அவள் ரகசியமாகக் களிம்பு பூசிவிட்டதில், செல்வி உள்பட மூன்று பெண்களின் கைகள் ஆறிப்போய்ப் பளிச்சென்று இருந்தன. நிர்வாகம் அந்த மூன்று பேரையும் முன்னால் நிறுத்தி, "சாயத்தால் ஒன்றும் ஆகாது, பாருங்கள்" என்றது. கோரிக்கை போயிற்று. அன்று மாலை கேட்டில் முந்நூறு பேருக்கு முன்னால் நான் மைக்கைப் பிடித்து, "தொழிலாளர் துரோகி, அ. ஆரோக்கியமேரி" என்று மூன்று முறை படித்தேன். அவள் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளோடு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை.

முதலியார்பேட்டை வீட்டில் கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சிரமப்படவில்லை. நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். நான் புறாவின் கதையைச் சொன்னேன். சிரித்தாள். களிம்பின் பக்குவத்தைச் சொல்லமாட்டேன், நானே வந்து காய்ச்சித் தருகிறேன் என்றாள். நான் எழுந்து வாசல்வரை வந்த பிறகுதான் பழைய பேச்சை எடுத்தாள், அதுவும் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே: "செல்விக்கு அப்ப கைப்புள்ள, தோழர். புண்ணு கையோட புள்ளய தூக்க முடியலன்னு அழுதா. புள்ள பத்து நாள் பொறுக்குமா?"

கோரிக்கைகள்

எங்களுக்கு வரும் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் சனிக்கிழமை குத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடலில் குதிக்கிறவர்கள். உப்புத் தண்ணீரும் மணலும் பட்டு, திங்கட்கிழமை சிவந்து வீங்கிப் படம் அனுப்புவார்கள். வாயால் சொல்லி அலுத்துப்போய், நான் ஒரு துண்டறிக்கை அடித்தேன். கடலில் இறங்காதே! சொறியாதே! பொருக்கைப் பிய்க்காதே! கையைக் கழுவாமல் தொடாதே! களிம்பை அப்பாதே, மெல்லிசாகப் பூசு! சீழ், காய்ச்சல் என்றால் களிம்பை நம்பாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு! கடைசியில், பழக்கதோஷம், "வெற்றி நமதே" என்றும் போட்டுவிட்டேன்.

சேலத்திலிருந்து வந்த ஒரு பெண், தோளில் ஆமை குத்திக்கொண்டவள், அதை நின்றபடியே முழுக்கப் படித்தாள். என் எழுத்தைக் கடைசி வரி வரை படித்த முதல் ஆள் அவள்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கூட வந்த தோழியின் கையிலிருந்த நீச்சல் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா, எல்லாத்தையும் ஒத்துக்கறேன். ஆனா கடல்ல எறங்காம இருக்க பாண்டிக்கு எதுக்கு வரணும்?"

இலை

வெளியூர்ப் பிள்ளைகள் "சிபிடி பாம் இருக்கா?" என்று ரகசியமாகக் கேட்பார்கள். எங்களுக்காக உரிமத்தோடு களிம்பு தயாரிக்க இடம் கொடுத்த சித்த வைத்தியரிடம் அது என்ன களிம்பு என்று விசாரித்தேன். கஞ்சா இலையிலிருந்து எடுப்பது, பூசினால் மயக்கம் தராது, அவரிடம் அனுமதியோடு ஒரு தைலம் இருக்கிறது, பார்த்துச் சீட்டு எழுதினால் தரலாம் என்றார். இதற்கு எதற்கு மூன்றெழுத்து முக்காடு? மக்களிடம் மறைப்பது எனக்குப் பிடிக்காது. பலகையில் பெரிதாக எழுதினேன்: "கஞ்சா இலைத் தைலம் கிடைக்கும். வைத்தியர் சீட்டு அவசியம்." அந்த இரண்டாவது வரியை யாரும் படிக்கவில்லை. பலகையை மட்டும் நாள் முழுக்கப் படம் பிடித்தார்கள்.

மூன்றாம் நாள் சிவப்புத் தொப்பி ஒன்று வந்தது. ஓய்வுபெறும் வயதிலிருந்த காவலர். மேசைக்கு அந்தப்பக்கம் நின்று என்னையே பார்த்தார். நான் சிறை செல்லத் தயார் என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டேன். "உங்கள நாலு தடவ தூக்கி வேன்ல போட்டிருக்கேன்யா. ஒவ்வொரு தடவையும் இதேதான் சொல்வீங்க" என்றார். வைத்தியரின் அனுமதிக் காகிதத்தை ஆரோக்கியமேரி எடுத்துக் கொடுத்தாள். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பலகையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார். போகத் திரும்பியவர், குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்: "ஏம்மா, எங்க வீட்ல அவங்களுக்குக் குதிகால் வெடிப்பு. இது வேணாம், அந்தச் சாதா களிம்பு கேக்குமா?"

செவ்வாய்க்கிழமை சொல்தா

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர் செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறார். முழங்கையில் நங்கூரம், குத்தி ஐம்பது வருடம் ஆகிறது, நீலம் கரைந்து பாசி போல் ஆகிவிட்டது. "பொமாத் போட்டு விடுங்க மதாம்" என்று, களிம்பைப் பிரெஞ்சில் கேட்டு, ஆரோக்கியமேரியிடம் கையை நீட்டுவார். மதாம் என்று அவளை வேறு யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் முதல் நாள் குத்திய புண்ணுக்குப் பூசுவது போலவே, ஓரத்திலிருந்து உள்ளே, விரல் நுனியால் பூசுவாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஏமாற்றி விற்பது என் கொள்கைக்கு ஒத்துவராது. "ஐயா, இது எப்பவோ ஆறிப்போன விஷயம். உங்களுக்குக் களிம்பே வேண்டாம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. பூசி முடிக்கும்வரை கையை எடுக்கவும் இல்லை. "மெர்சி மதாம்" என்று அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "ஆறிடுச்சின்னா யாரும் தொடமாட்டேங்கறாங்களே, முசியே."

தனிநபர்

களிம்பு நன்றாகப் போகிறது, டப்பாவுக்கு அச்சடித்த சீட்டு வேண்டும் என்றார் வைத்தியர். தயாரிப்பாளர், உரிமம் எல்லாம் அவர் பெயரில். அதற்கு மேலே "கைப்பக்குவம்" என்று ஒரு வரி விட்டு, யார் பெயர் போடுவது என்று கேட்டார். நான் யோசிக்காமல் "சாயத் தொழிலாளர் தோழமை" என்று எழுதினேன். கயல் என்னை முறைத்தாள். "மேரி ஆன்ட்டி தானேப்பா காய்ச்சறாங்க?"

தனிநபரை முன்னிறுத்துவது நம் மரபல்ல, உழைப்பு கூட்டு உழைப்பு என்று நான் விளக்கத் தொடங்கினேன். என் எழுத்தின் அடியில் வேறு பெயர் போட்டவர்களும் என்னிடம் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள் என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஆரோக்கியமேரி வடிகட்டிய துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அன்னிக்கு மட்டும் தனிநபர் பேரு வாயில வந்துச்சே, தோழர்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

அன்றிரவு நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். மறுநாள் அச்சகத்துக்கு நானே போய்ச் சீட்டை மாற்றினேன். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அநியாயத்தைக் கூட்டம் கூட்டிச் செய்தவன், நியாயத்தை மட்டும் அச்சகத்தில் ஒளித்துச் செய்வது சரியல்ல. பழைய முகவரிகளைத் தேடி, உழவர்கரை, கதிர்காமம், முதலியார்பேட்டை என்று சைக்கிளில் அலைந்தேன். அன்று கேட்டில் நின்ற முந்நூறு பேரில் பலர் இல்லை, சிலருக்கு நடை இல்லை. ஒன்பது பேர் வருவதாகச் சொன்னார்கள். "எதுக்குப்பா, மறுபடியும் போராட்டமா?" என்று பயந்தவர்களும் உண்டு.

ஞாயிறு பூசை முடிந்து ஆரோக்கியமேரி கடைக்கு வந்தபோது, சந்தில் ஒன்பது பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி தன் மகனோடு வந்திருந்தாள். அன்றைய கைக்குழந்தை இப்போது தாடி வைத்து, தாயைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தது. சொல்தா செவ்வாய்க்கிழமை இல்லாத நாளிலும் வந்திருந்தார். ஆரோக்கியமேரி எல்லோரையும் பார்த்தாள். பிறகு நேராகக் கூட்டத்தின் கடைசிக்குப் போய், அன்று நின்றது போலவே நின்றுகொண்டாள்.

நான் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பின்னணி, சூழ்நிலை, நிர்வாகத்தின் சதி, சுயவிமர்சனம், எல்லாம் இருந்தது. "தோழர்களே, முதலாவதாக" என்று தொடங்கியதும் கண் கலங்கி எழுத்து தெரியவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை. கடைசியிலிருந்து அவள் குரல்தான் வந்தது: "பேச்சு வேணாம் தோழர். டப்பாவ எடுத்து அதுல இருக்கறத மட்டும் படிங்க. அன்னிக்கு மாதிரியே, பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கணும்."

நாற்பது வருடம் மைக் பிடித்த நான் ஆற்றிய உரைகளில் இதுதான் மிகவும் சின்னது, முடியும்வரை ஒருவர்கூட எழுந்து போகாததும் இது ஒன்றுதான், அதை மூன்று முறை படித்தேன்: "கைப்பக்குவம், அ. ஆரோக்கியமேரி."