முப்பது டிகிரி

சமர்கந்துக்குத் தெற்கே மலையடியில் எங்கள் ஊர். கபர்க்குழி வெட்டுவது என் வேலை. என் வாய் சரியில்லை என்பார்கள். குழியில் யாரும் குறை சொன்னதில்லை.

ஷோமுரோத் அண்ணன் குன்றின் மேலிருந்த தொலைநோக்கி நிலையத்தில் முப்பது வருஷம் நட்சத்திரம் பார்த்தவர். சோவியத் காலத்தில் அவரைப் பஞ்சாலைக்கு அனுப்பி, வானத்தில் கடவுள் இல்லை என்று மேடையில் பேசச் சொல்வார்கள். அவர் நட்சத்திரங்களின் தூரத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அது யாருக்கு ஞாபகம்? காலம் மாறிப் பள்ளிவாசல் திறந்ததும் அவரும் தொழ வந்தார்.

"வந்துட்டாருய்யா, கடவுளத் தேடிப் பாத்துக் காணோம்னு சொன்னவரு" என்றான் ரொட்டி சுடும் ஹம்ரோ.

சும்மா தொழுதுவிட்டுப் போனாரா? அதுவும் இல்லை. மக்கா இருக்கும் திசைக்குக் கணக்குப் போட்டார். எங்கள் முன்னோர் பள்ளிவாசலை நேர் மேற்கே பார்த்துக் கட்டிவிட்டார்களாம். முப்பது டிகிரி தெற்கே திரும்ப வேண்டுமாம்.

இமாம் சிரித்தார். "முப்பது டிகிரிக்குள்ள அல்லா ஒளிஞ்சுக்குவானா? மேற்கே பாத்தாலே போதும் அண்ணே. வரிசையில நேரா நில்லுங்க."

"அவன் பூமியை உருண்டையாப் படைச்சிருக்கான்னு தெரிஞ்சப்புறம், தெரியாத மாதிரி எப்படி நிக்கிறது ஹஜ்ரத்?"

இமாம் விரட்டவில்லை. ஆனால் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசையில் ஒருவர் மட்டும் திரும்பி நின்றால் யார் ஒட்டுவது? கடைசி வரிசையின் இடது ஓரம் அவருக்கென்று ஆனது. கல்யாண வீட்டில் புலாவ் இரண்டு பேருக்கு ஒரு தட்டு. அவர் தட்டில் எதிர்ப்பக்கம் கலையாமலே இருக்கும். நானும் போய் உட்கார்ந்ததில்லை, அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. தொழுகிறார் என்று தெரிந்ததும் நிலையத்து நண்பர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பேச்சுத்துணைக்கு மனைவி ஓய்சாரா மட்டும்தான்.

போன மார்ச்சில் ஓய்சாராவும் இறந்துபோனார். கபரில் வைக்கும்போது முகம் மக்காவை நோக்க வேண்டும். அண்ணன் வந்து நின்றதும், இன்றைக்கு முப்பது டிகிரியால் ரகளைதான் என்று மண்வெட்டியை ஊன்றினேன்.

"மத்ததெல்லாம் எப்படி இருக்கோ அப்படியே வெட்டு."

"அண்ணே, உங்க கணக்கு?"

"கணக்கு சரிதான். ஆனா இத்தனை பேருக்கு நடுவுல அவ மட்டும் தனியாக் கிடக்க வேணாம். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்."

"அப்ப அல்லா?"

"கணக்கு அவனோடதுதானேடா. என்ன எழவுக்குத் திசை மாத்தி வச்சோம்னு அவனுக்குத் தெரியாதா?"

அவர் சொன்னபடியே வெட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் அதே ஓரத்தில், அதே மாதிரி திரும்பித்தான் நின்றார். தனக்கு மட்டும் அவர் சலுகை கொடுத்துக்கொள்ளவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எவ்வளவு திரும்பணும் அண்ணே?"

என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். "போதும்" என்றார். என் வலப்பக்கம் நின்ற ஹம்ரோ ஓரடி நகர்ந்துகொண்டான். இடப்பக்கம் அண்ணன் தோள் என் தோளில் பட்டது. தொழுகை முடியும்வரை அது நடுங்கிக்கொண்டே இருந்தது.