சித்தி கிளப்பிய வண்டி

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு கட்டைப்பையும் இறங்கின, பிறகு சித்தி இறங்கினாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அப்போது யாருக்கும் லீவு இல்லை. ஆனால் வீட்டுக்கு ஆள் வருவதே எனக்குக் கொண்டாட்டம் என்பதால் நான் அதை விசாரிக்கவில்லை. ஸ்கூட்டி எங்கே என்றுதான் விசாரித்தேன். கல்யாணத்துக்கு முன்பு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தபோது சித்தி தன் சம்பளத்தில் வாங்கிய சிவப்பு ஸ்கூட்டி அது. எப்போது வந்தாலும் என்னை முன்னால் நிற்க வைத்து ஊரை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவாள்.

"அத வித்துட்டாரு உங்க சித்தப்பா" என்றாள். அப்படியானால் இதைவிட நல்லதாக ஒன்று வாங்கப்போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை உண்டு, மாடு கிடையாது. நிலம் தொழிற்பேட்டைக்குப் போன கையோடு மாடுகளையும் விற்றாகிவிட்டது. அந்த இடத்தில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். புது வண்டி வாங்கியதும் பழையதை உள்ளே தள்ளிவிட்டவர்தான், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. டயர்கள் சப்பையாகித் தரையோடு ஒட்டியிருந்தன. கிழிந்த சீட்டின் பஞ்சில் பக்கத்து வீட்டுக் கோழி வசதியாக முட்டையிட்டு வந்தது.

அதை எடுத்துப்போகக் காயலான் கடைக்காரர் தட்டுவண்டியோடு வந்து நின்றார். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து சித்தி தனக்கென்று ஒரு வாய் காபிகூடக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"அத எனக்கு குடுத்துடுங்க மாமா."

"நீ இன்னாம்மா பண்ணப் போற?"

"ஓட்டப் போறேன்."

அப்பா சிரித்தார். காயலான் கடைக்காரரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். அம்மா மட்டும் சிரிக்காமல் அப்பாவையே பார்த்தாள். சுவரைப் பார்த்தபடி நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற தங்கை எதையாவது செய்தால் சரி என்று அவளுக்கு இருந்திருக்க வேண்டும். தட்டுவண்டி காலியாகத் திரும்பிப்போனது.

சித்திக்கு இன்ஜின் வேலை தெரியாது. கம்பெனியில் அவள் பார்த்தது காருக்குக் கதவு மாட்டுகிற வேலை. ஆனால் எதைக் கழற்றினாலும் கழற்றிய வரிசையில் வைக்க வேண்டும் என்பது அவள் கையிலேயே ஊறியிருந்தது. கோணியை விரித்து, முட்டை அட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு குழியிலும் ஒரு போல்ட்டும் அதற்கு உரிய நட்டுமாக வைத்தாள். அட்டைகளுக்கு நான் பொறுப்பு. ஒரு வாஷர் உருண்டு ஓடினாலும் அது கிடைக்கிற வரைக்கும் வேலை நிற்கும். செல்போனைச் சாணம் மெழுகாத பழைய சுவரில் சாய்த்து வைத்து, யாரோ ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டே இதே மாதிரி வண்டியைப் பிரிக்கும் வீடியோவைப் பார்ப்பாள். இந்தி எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கை போகிற போக்கைப் பார்த்தால் போதும் என்பாள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தபோது உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. நான் தொலைத்துவிட்டு அடி வாங்கிய ரிப்பன் அதில் இருந்தது.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. கிக்கரை மிதித்தால் பாறையை மிதிப்பதுபோல் இருக்கும். சித்தி பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊறவிட்டாள். தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே போய் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்ப்பாள். வேகமாக மிதித்தால் உள்ளே ஏதாவது உடைந்துவிடும் என்பதால் கையால்தான். அது அசையாது. கொஞ்சம் டீசல் ஊற்றிவிட்டு வந்து பல் தேய்ப்பாள். "இன்னாம்மா, அசைஞ்சுதா?" என்று அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கேட்பார். முதலில் கிண்டலாகத்தான் கேட்டார். போகப் போக அதில் கிண்டல் குறைந்து, எந்த போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று இருவரும் வாதாடுவதில் போய் நின்றது.

ஒரு நாள் நான் இட்லி தின்றுகொண்டிருக்கும்போது கொட்டகையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். கிக்கர் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்து, எச்சில் கையென்றும் பாராமல் என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். உள்ளே எதுவோ மெல்ல நகர்வது எனக்கும் தெரிந்தது. இவ்வளவு பொறுமையாக ஒருவர் இரும்பைக் கெஞ்சி நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

சிலிண்டரைக் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதன் உட்புறத்தைக் கடைந்து வாங்கப் படப்பையில் இருக்கும் லேத் கடைக்குப் போனோம். பையிலிருந்து எண்ணெய் கசிந்ததைப் பார்த்து ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா என்னவென்று கேட்டதற்கு, சித்தி முகம் மாறாமல் "ஸ்டவ்வு" என்றாள். லேத் கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "வூட்ல ஆம்பளைங்க யாரும் வர்லியா?" என்றார்.

"அவங்களுக்கு இது தெரியாதுண்ணா. போர் பண்ணிக் குடுங்க" என்றாள் சித்தி. அவர் செய்துகொடுத்தார். அதை வாங்கப் போனபோது சித்திக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் மாட்டி, டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டிக் காற்றடித்து முடித்த பிறகுதான் தப்பு தெரிந்தது. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். சித்தி அதைத் திருப்பிப் போட்டிருந்தாள். வீடியோவை நிறுத்தினாள், மறுபடியும் முதல் போல்ட்டிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "போதும் வுடுடி. கையெல்லாம் பாரு, எப்டி ஆயிகீது" என்றாள். "தப்புன்னு தெரிஞ்சும் எப்டிக்கா மூடறது?" என்று சொல்லிவிட்டு சித்தி என்னிடம் முட்டை அட்டையைக் கேட்டாள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா காரில் வந்தார். கூட அவருடைய அம்மாவும், அவர்கள் சொந்தத்தில் பெரியவர் ஒருவரும் வந்தார்கள். அம்மா ஒரு புடவையைக் கட்டிலில் எடுத்து வைத்து, அதைக் கட்டிக்கொண்டு வரும்படி சித்தியிடம் சொல்லிவிட்டு, மிக்சரும் காபியுமாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன், மிக்சருக்காக.

"நான் இன்னா குடிச்சனா, அடிச்சனா?" என்று சித்தப்பா அப்பாவிடம் கேட்டார். "வேலைக்குப் போவாத, வூட்ல இருன்னேன். வண்டில சுத்தாதன்னேன். அவ்ளோதான். இதுக்குப் போயி யாராச்சும் கோச்சிகினு வருவாங்களா?"

"நல்ல நாளு பாத்துதான் வந்துகிறோம். இன்னைக்கே அனுப்பி வுடுங்க" என்றார் அவருடைய அம்மா.

அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடனும் சண்டைக்குப் போகாதவர் அவர். பெரியவர் தொண்டையைச் செருமி, நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்றார். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "நான் சொல்ல இன்னா கீது? இருக்கறதும் போவறதும் அவ சொல்லட்டும்" என்றார்.

பின்பக்கமிருந்து கிக்கர் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். புடவை கட்டிலிலேயே கிடந்தது. சித்தி சுடிதாரோடு கொட்டகையில் நின்று வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாள். வண்டி இருமியது, அடங்கியது. பிளக்கைக் கழற்றினாள். பெட்ரோலில் நனைந்திருந்தது. துப்பட்டாவில் துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினாள். பிளக் சட்டென்று மரையில் பிடிக்கவில்லை. நான் ஸ்பேனரை நீட்டினேன். இறுக்கினாள். உதைத்தாள். இன்னொரு முறை உதைத்தாள். கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை எழும்பியது. அதற்குள்ளிருந்து படபடவென்று சத்தம். கோழி கூரைமேல் பறந்து ஏறிவிட்டது.

"ஏறு" என்றாள். நான் பின்னால் ஏறி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சந்து வழியாக வண்டி வாசலுக்கு வந்தது. எல்லோரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். பெரியவர் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு, "இன்னாம்மா இது, கெளம்பலாமா?" என்றார்.

சித்தி ஆக்சிலேட்டரைக் குறைத்தாள். "நீங்க கெளம்புங்க. நான் வரல. மறுபடியும் வேலைக்குப் போவப் போறேன்" என்றாள். பெரியவரிடம் சொன்னாலும் அவள் பார்த்தது சித்தப்பாவைத்தான். சித்தப்பா ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு பேர் எதிரில் இப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது, வண்டி எப்போது நகரும் என்பதே என் கவலை.

நகர்ந்தது. தொழிற்பேட்டைச் சாலையில் புது கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் எங்கள் புகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கம்பெனிகளின் நீளமான சுவர்களில் எங்கள் சத்தம் மோதித் திரும்பி வந்தது. சித்தி மூன்றாவது கியருக்குமேல் போகவில்லை. வேகமா போ சித்தி என்றேன். இன்ஜின் புதுசு, பழகட்டும் என்றாள்.

திரும்பி வந்தபோது வாசலில் கார் இல்லை. அப்பா கேட் அருகே தனியாக நின்றிருந்தார். யாரோடோ நிறையப் பேசியவர்போல் முகம் சிவந்திருந்தது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். நல்லா பண்ணிகிறே என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"பொக ஜாஸ்தியா வருது. பெட்ரோல்ல ஆயில கொறச்சி ஊத்து" என்றார் சித்தியிடம். "தெனம் நீ வேலைக்கு போவும்போது பின்னாடி வர்றவன் திட்டுவான்."

ஒவ்வொரு போல்ட்டுக்கும் அப்பாவோடு வாதாடுகிற சித்தி, "சரி மாமா" என்று மட்டும் சொன்னாள். வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிப்போய் நிறுத்தி, அதன்மேல் கவிழ்ந்துகொண்டு அழுதாள். இத்தனை பாடுபட்டவளிடம் அப்பா குறை மட்டும் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. நான் சித்தியின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாத சித்தி. பொகதான? நாளைக்கு சரி பண்ணிடலாம்."