ரயில் அகலத்தில் ஒரு பெஞ்சு

1930 ஆகஸ்டு 22, வெள்ளிக்கிழமை. கிள்ளானை அடுத்த துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் கிளம்பிய கப்பலில், பிழைக்க வந்த நாட்டை விட்டுத் தாய்நாடு திரும்ப எங்கள் தெரு ரெங்கசாமி ஏறினார். ஒரு துரை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயாவாக நானும் அதே கப்பலில் ஏறினேன். எனக்கு ஊர் சுற்றும் ஆசை. அவருக்கு வேறு வழியில்லை.

ரப்பர் விலை விழுந்து எங்கும் வேலை சுருங்கிய வருடம் அது. எங்கள் ஊரான பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதை போடும் கூட்டத்தில் ஓர் ஆளைக் குறைக்கச் சொன்னார்கள். யாரை என்று சொல்ல வேண்டியவர் கூட்டத்தை மேய்க்கும் மண்டோர் கன்னையா. மற்ற எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. ரெங்கசாமி தனியாள். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, "நான்தாண்டா சொன்னேன்" என்று அவரிடமே போய்ச் சொன்னார் கன்னையா.

இருவரும் இருபது வருடம் சேர்ந்து பாடியவர்கள். தண்டவாளம் தூக்கும்போது மண்டோர் பாட்டிலேயே ஒரு கேள்வி போடுவார். அடுத்த மூச்சுக்குள் ரெங்கசாமி புதிதாகப் பதில் கட்டிப் பாட வேண்டும். அந்தப் பதிலில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாகத் தூக்கும். பதில் ஒருநாளும் தவறியதில்லை.

கப்பல் நகர்ந்தபோது கன்னையா கரையில் நின்று பாடினார்:

"போற கப்பல் திரும்பி வருமா, சொல்லு ரெங்கா?"

என் பக்கத்தில் நின்ற ரெங்கசாமி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் கன்னையா ஓய்வுபெற்றார். அதன் பிறகு நடந்ததை அவர் மனைவி வீரம்மா அக்கா சொல்லித்தான் அறிவேன். பாட்டு அடியோடு நின்றுபோயிற்று. கை மட்டும் சும்மா இருக்கவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டைகளையும் வெட்டிய ரப்பர் கிளைகளையும் சுமந்து வந்து, பட்டையைச் சீவாமல், வளைவை நிமிர்த்தாமல் முக்காலியும் நாற்காலியும் செய்தார்.

தெருக்கோடி பஜனை மடத்துக்காரர்கள் ஒரு பெஞ்சு கேட்டார்கள். கன்னையாவிடம் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: தண்டவாளங்களின் இடைவெளியைப் பார்க்கும் இரும்புக் கோல். அகலத்துக்கும் அதையே வைத்தார், உயரத்துக்கும் அதையே வைத்தார். மடத்து வாசலோ அதைவிட ஒரு சாண் குறைவு. நேராகவும் நுழையவில்லை, சாய்த்தும் நுழையவில்லை.

"ஏங்க, மனுசன் ஒக்காரவா செஞ்சீங்க? ரயிலு வந்து ஒக்காரவா?" என்றார் வீரம்மா அக்கா.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சரி, வெளியே மரத்தடியில் போடலாம் என்று எட்டுப் பேர் பிடித்தார்கள். ஒருவர் தூக்கும்போது இன்னொருவர் இறக்கினார். பிடித்தவர்களில் ஒருவரான பழனியப்பன் கால்மேல் விழப் பார்த்தது. கன்னையாவுக்குப் பொறுக்கவில்லை. தன்னை அறியாமல் பாடிவிட்டார்:

"பட்ட மரம் எங்கே போகுது, பாத்துச் சொல்லு?"

அந்த எட்டுப் பேருக்கும் பாதைப் பாட்டு பழக்கமில்லை. வருடக்கணக்காகப் பாதையோரம் சோறு கொண்டுபோய் நின்றவர் வீரம்மா அக்கா. அவர் குரல் கொடுத்தார்:

"வாசலுக்குப் பொருந்தாதது மரத்தடிக்குப் போகுது!"

பெஞ்சு எழுந்தது. அன்றிலிருந்து வெள்ளிதோறும் சாயங்காலம் அதில் பாட்டுதான்.

நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பினேன். ஓரிடத்தில் நிலைகொள்ளாத என்னை, எங்கே போனாய், ஏன் போனாய் என்று கேட்காமல் உட்கார வைத்தது அந்தப் பெஞ்சுதான். அதற்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன். கன்னையா கேட்டது ஒன்றே ஒன்று.

"கப்பல்ல ரெங்கன் என்னைப் பத்தி ஏதும் சொன்னானாம்மா?"

"ஒன்னும் சொல்லலை, மண்டோரய்யா."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தலையாட்டினார். "கோவமாத்தான் இருப்பான். இருக்கட்டும். வீரம்மா பாட வந்தா, எட்டுப் பேர் சேந்துக்கிட்டாங்க. எனக்குக் கெடைச்சதே ரொம்ப. அவனுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு லா."

பெஞ்சு வாசலில் நுழையாத கதையை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், கரையில் பாடிய அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி எழுதச் சொன்னார்.

அந்த வருடம் பதில் வரவில்லை. மறு வருடமும் வரவில்லை. ஆனாலும் பெஞ்சின் இடது ஓரத்தில் அவர் யாரையும் உட்காரவிடவில்லை.

1936 தைப்பூசம் கழிந்து ஒரு தபால் கார்டு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து. நலம் விசாரிப்புகூட இல்லை, இரண்டே வரி. கன்னையா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, உரக்கப் படிக்கச் சொன்னார்:

"கப்பல் கெடக்கட்டும் அண்ணே, பாட்டு வந்து சேந்தாச்சு,
பெஞ்சுல என் எடத்தைத் தொடச்சு வைங்கண்ணே."